மாவு கல்லாகும் நேரம்

சுகுமாறன் டேப்பைப் பல்லால் கடித்து அறுக்கிற ஆள். போட்டோ ஃபிரேம் கடை வைத்திருப்பவனுக்குக் கத்தரிக்கோலா கிடைக்காது? முன்பல் பாதி போய்விட்டது. அதுவும் எந்த நாளில்? மாலை ஐந்து மணிக்குக் கிள்ளானில் பெண் பார்க்கப் போகிற நாளில்.

கடைக்கு மேல்மாடியில் பல் கிளினிக் வைத்திருந்த டாக்டர் குமுதாவுக்குச் செய்தி கேட்டுத் தலை கிறுகிறுத்தது. இரண்டு வருடமாகப் பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டை அவனோடுதான் சாப்பிடுகிறாள். இன்று கேட்பான், நாளை கேட்பான் என்று காத்திருந்தவள். இப்போது இன்னொருத்தி வீட்டில் போய்ச் சிரிக்க அவளே அவனுக்குப் பல் கட்டிக் கொடுக்க வேண்டுமாம். தலையெழுத்து!

தற்காலிகப் பல்லுக்கான தூளையும் திரவத்தையும் குழைத்தாள். முதலில் சப்பாத்தி மாவு போல இருக்கும். சற்று நேரத்தில் ரப்பராகும். அப்போதே கழற்றிவிட வேண்டும். விட்டால் சூடேறிக் கல்லாகி, இடுக்கெல்லாம் பிடித்துக்கொள்ளும். மாவை முன்பல்லில் அப்பி, அவனைக் கடிக்கச் சொன்னாள். மிச்சத்தை உருட்டி, வழக்கம்போல நோயாளியின் கையிலேயே கொடுத்தாள்.

“அமுக்கிக்கிட்டே இருங்க. நகம் பதியலன்னா ஒடனே கையத் தூக்கணும். அதுவரைக்கும் கடிச்சே இருக்கணும், பேசவே கூடாது. ஓகேவா?”

அவன் தலையாட்டினான். பதில் பேச முடியாதவன் எதிரே படுத்திருந்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

“கிள்ளான் பொண்ணு அழகாத்தான் இருப்பா லா,” என்று ஆரம்பித்தாள். “ரெண்டு வருஷமா நான் என்ன ரசத்துக்காகவா ஒங்களோட சாப்பிட வந்தேன்? எங்க வீட்டுச் சுவர்ல பதினாலு ஃபிரேம் தொங்குது. எல்லாம் காலி! மாட்டுறதுக்குப் போட்டோவே இல்ல. ஒங்க கடைக்கு வர வேற சாக்கு கெடைக்கல லா!”

சொல்லச் சொல்லச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். வெட்கம், மானம் எல்லாம் ஜன்னல் வழியாக இறங்கி மோனோரயில் ஏறிப் போய்விட்டன.

“ஒங்கள எனக்குப் புடிக்கும். ரொம்பப் புடிக்கும். சொல்லிட்டேன். இப்ப போயி அந்தப் பொண்ணப் பாருங்க!”

அப்போதுதான் கடிகாரம் கண்ணில் பட்டது. பத்து நிமிடம்! பதறிப்போய் அவன் கையைப் பிரித்தாள். உருண்டையில் நகத்தை அழுத்தினாள். நகம்தான் வளைந்தது.

“இது எப்பவோ இறுகிப்போச்சி! ஏன் கையத் தூக்கல?”

அவன் வாயைத் திறக்கப் பார்த்தான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தன. “ம்ம்,” என்றான். தன் காதைத் தொட்டான். அவள் வாயைக் காட்டினான். காது மடல் வரை சிவந்திருந்தான். குமுதாவுக்கு நெஞ்சு குதித்தது. பாவி, கடைசிவரை கேட்க வேண்டுமென்றே படுத்திருக்கிறான்!

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. அவன் அம்மா அமுதவள்ளி. அவன் போனைக் குமுதாவிடம் நீட்டினான்.

“தம்பி, எங்கடா இருக்க? வேன் வந்து நிக்குது!”

“ஆன்ட்டி, நான் டாக்டர் குமுதா. பல்லு மாட்டிக்கிச்சி. அறுத்துத்தான் எடுக்கணும், ஒரு மணி நேரம் ஆகும்.”

“ஐயையோ! அப்ப பொண்ணு பாக்குறது?”

குமுதா அவனைப் பார்த்தாள். அவன் நாற்காலி ஆடுகிற அளவுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

“இங்கயே பாத்துட்டாரு ஆன்ட்டி,” என்றாள். “புடிச்சிருக்காம்.”