புதன்கிழமைச் சுற்று ஜெபம்

றெஜினா அக்காவுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிப்போட்டு நிம்மதியா நித்திரை கொண்ட ஆள் எங்கடை உடுப்பிட்டிச் சபையிலை ஒருத்தரும் இல்லை. அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் போய்ச் சொன்னனான். வேலியாலை போன ஓணானைப் பிடிச்சு மடிக்கை விட்டது எண்டு சொல்லுறது இதைத்தான்.

அவ கெட்ட மனுசி இல்லை. வீடு வீடாப் போய்க் கோள் சொல்லுற ஆளும் இல்லை. சத்தியமா ஒருத்தருக்கும் சொல்லமாட்டா, ஆண்டவருக்கு மட்டும்தான் சொல்லுவா. ஆனா அதைச் சொல்லுறது புதன்கிழமை வீட்டுக் கூட்டத்திலை, சபையிலை பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கேக்கை, நெல்லியடிச் சந்தைக்குக் கேக்கிற சத்தத்திலை. போன வருஷம் உப்பிடித்தான், "கர்த்தாவே, உதயகலாவின்ரை மகள் அந்தப் பாங்குப் பொடியனோடை ஓடிப்போகாமல் காத்துக்கொள்ளும்" எண்டா. அப்பிடி ஒரு பொடியன் இருக்கிறானெண்டு உதயகலா அண்டைக்குத்தான் அறிஞ்சவ. ஆமென் சொல்ல முந்தியே எல்லாற்றை கண்ணும் திறந்திட்டுது.

நான் சொன்ன விஷயம் அதைவிடப் பெரிசு. என்ரை மனிசன் இராசசிங்கத்துக்குக் குடலிலை கான்சர். அது அவருக்குத் தெரியாது. டொக்டர் என்னையும் மகன் நிர்மலனையும் தனியக் கூப்பிட்டுத்தான் சொன்னவர். நேரத்தோடை கண்டுபிடிச்சாச்சு, வெட்டி எடுத்தால் ஆள் தப்பும் எண்டு தெளிவாச் சொன்னவர். வெட்டாமல் விட்டால் எண்டு நிர்மலன் கேட்டான். டொக்டர் கையிலை இருந்த பேனையை மூடிச் சட்டைப் பையிலை குத்தினார். 

மனிசனுக்குத் தெரிஞ்சால் வெட்ட விடமாட்டார். அதுதான் முழு வில்லங்கமும். அவற்றை அண்ணைக்கு இதே வருத்தம் வந்து, கொழும்பிலை கொண்டுபோய் வெட்டி, ஒரு மாசத்திலை பெட்டியிலைதான் வந்து சேர்ந்தவர். சவக்காலையிலை மண் போட்டுப்போட்டுக் கையைத் தட்டிக்கொண்டு இவர் சொன்னது இப்பவும் என்ரை காதுக்கை கிடக்கு. "கத்தி பட்டால் பரவும். எனக்கு உது வந்தால் என்னிலை ஒருத்தரும் கத்தி வைக்கக் கூடாது." முப்பது வருஷம் பஸ் ஓடின மனிசன். ஒரு ரோட்டாலை போறதெண்டு முடிவெடுத்தால் ஆர் கத்தினாலும் திருப்பமாட்டார்.

அதாலை குடலிலை சின்னக் கட்டியொண்டு, ஹேர்னியா மாதிரி, மூண்டு நாளிலை வீட்டை வரலாம் எண்டு நானும் நிர்மலனும் புளுகி வைச்சிருந்தம். அடுத்த கிழமை திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாட்டிலை சேர வேணும். ஓம் எண்டுதான் சொன்னவர். யாழ்ப்பாணத்திலை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை, வாசலிலை கான்சர் கிளினிக் எண்டு பெரிய எழுத்திலை போர்ட். நான் ஓடிப்போய் அதுக்கு முன்னாலை குடையை விரிச்சுக்கொண்டு நிண்டனான். "உள்ளுக்கை ஏனப்பா குடை?" எண்டு கேட்டார். ஃபான் காத்து எனக்குக் கூடாது எண்டன். பக்கத்திலை இருந்த மனுசி என்னை விசரி எண்டு நினைச்சிருக்கும். நினைக்கட்டும்.

இவ்வளவும் செய்த நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு, கோயில் கிணத்தடியிலை முகம் கழுவிக்கொண்டு நிக்கேக்கை, றெஜினா அக்கா வந்து "என்ன பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு" எண்டு முதுகிலை கையை வைச்சா. அவ்வளவுதான். எல்லாத்தையும் கொட்டிப்போட்டன். கொட்டி முடிஞ்ச பிறகுதான் புத்தி வந்தது. இந்தப் புதன் கூட்டம் ஆற்றை வீட்டிலை? எங்கடை வீட்டிலை!

அடுத்த நாள் முழுக்க ஒரு இடத்திலை இருக்கேலாமல் திரிஞ்சன். அடுப்பிலை வைச்சதைக் கருக விட்டன். எங்கடை போதகர் கிறிஸ்ரிக்குப் போன் எடுத்து, முறையை வேறை வீட்டுக்கு மாத்துவமோ எண்டு கேட்டன். அவர் சின்னப் பொடியன், போன வருஷம்தான் எங்கடை சபைக்கு வந்தவர். "அம்மா, ஐயா ஆஸ்பத்திரிக்குப் போறபடியால் உங்கடை வீட்டிலைதான் வைக்கவேணும். அதுதான் ஆசீர்வாதம்" எண்டார். ஆசீர்வாதத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறதெண்டு எனக்குத்தான் தெரியேல்லை.

செவ்வாய்க்கிழமை றெஜினா அக்கா வீட்டுக்குப் போனன். "அக்கா, நாளைக்கு ஜெபத்திலை அந்தக் கதையை எடுக்காதையுங்கோ. அவருக்குத் தெரிஞ்சால் வாற திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். அவற்றை உயிர் உங்கடை வாயிலை கிடக்கு" எண்டு பச்சையாச் சொன்னன்.

அவவுக்குக் கோவம் வந்திட்டுது. "நான் என்ன, சந்தியிலை நிண்டு பறை அடிக்கிறனானோ? ஆவியானவர் நடத்திற மாதிரி ஜெபிக்கிறன் பிள்ளை. முன்கூட்டியே இதைச் சொல்லு, அதைச் சொல்லாதை எண்டு அவருக்குக் கட்டளை போடேலுமோ?" எண்டா.  ஒரு வாக்குறுதியும் இல்லாமல் வந்து சேர்ந்தன்.

புதன் பின்னேரம் நானே கதிரையளை அடுக்கினன். சுற்று ஜெபம் போதகரிலை தொடங்கி வட்டமா வரும். ஒவ்வொருத்தரும் வாய் திறந்து ஜெபிக்க வேணும், அது எங்கடை வழக்கம். றெஜினா அக்காவை யன்னல் பக்கம் போட்டன். அவவுக்குப் பிறகு உதயகலா, பிறகு என்ரை மனிசன், கடைசியா நான். கீர்த்தனைப் புத்தகத்தை மடியிலை வைச்சுக்கொண்டன். அதுதான் என்ரை ஆயுதம். நீட்டி ஜெபிக்கிற ஆளை நிப்பாட்ட எங்கடை சபையிலை மரியாதையான வழியொண்டு இருக்கு. ஆராவது ஒரு பாட்டைத் தொடக்கிவிட்டால் மற்றவையும் சேர்ந்து பாடுவினம், ஜெபிக்கிற ஆள் ஆமென் எண்டு முடிக்க வேண்டியதுதான்.

"உங்களுக்கு உடம்பு ஏலாது, உள்ளுக்கை போய்ப் படுங்கோவன்" எண்டு மனிசனையும் கேட்டுப் பாத்தன்.

"வீட்டிலை கூட்டம் வைச்சுப்போட்டு வீட்டுக்காரன் படுக்கிறதோ? உமக்கென்ன விசரே?" எண்டு வேட்டியை மாத்திக்கொண்டு வந்து இருந்திட்டார்.

பாட்டு முடிஞ்சு, வேதம் வாசிச்சு, ஜெபம் தொடங்கிச்சுது. எல்லாரும் கண்ணை மூடிச்சினம். நான் மூடேல்லை. ஒரு கண் றெஜினா அக்காவிலை, மற்றக் கண் மனிசனிலை. குசினிக்கை கேத்தில் கொதிக்குது, போய் நிப்பாட்டவும் ஏலாது. போதகர் ஜெபிச்சார், இன்னும் நாலைஞ்சு பேர் ஜெபிச்சினம். றெஜினா அக்கா தொண்டையைச் செருமினா. 

"கர்த்தாவே, இந்த வீட்டைப் பாரும். இந்த வீட்டுத் தலைவனைக் கண்ணோக்கிப் பாரும். அவருடைய வயிற்றிலை..."

நான் பாட்டை எடுத்திட்டன். புத்தகத்தைத் திறக்க நேரம் இல்லை, வாயிலை வந்ததை எடுத்தன். வந்தது கிறிஸ்மஸ் பாட்டு. ஆடி மாசத்திலை! சுருதியும் எக்கச்சக்கமா மேலை போட்டுது. ஒரு நிமிஷம் ஒருத்தரும் சேரேல்லை. பிறகு பாவம் போதகர் சேர்ந்தார், அவருக்காக மற்றவையும் சேர்ந்திச்சினம். பாலன் பிறந்ததை முழுச் சரணமும் பாடி முடிச்சம். றெஜினா அக்கா கடுகடுத்துக்கொண்டு "ஆமென்" எண்டா. உதயகலா சிரிப்பை அடக்கேலாமல் ரண்டு வசனத்திலை தன்ரை ஜெபத்தை முடிச்சா.

அடுத்தது என்ரை மனிசன். இனிப் பயமில்லை எண்டு மூச்சு விட்டன். அவற்றை ஜெபம் ஊருக்கே தெரிஞ்சது. "ஆண்டவரே, எல்லாருக்கும் நன்மை செய்யும், ஆமென்." சடார் எண்டு பிறேக் போட்டமாதிரி முடிப்பார்.

"ஆண்டவரே" எண்டார்.  நான் திரும்பிப் பாத்தன். கையைக் கோத்துக்கொண்டு நிலத்தைப் பாத்தபடி இருந்தார்.

"ஆண்டவரே, எனக்கு நீட்டி ஜெபிக்கத் தெரியாது. எனக்குக் கான்சர் எண்டு எனக்குத் தெரியும். கிளினிக்கிலை போர்ட் வாசிச்சனான். பியாட்றிஸ் குடையை விரிச்சு மறைச்சவ. வாசலிலை ஒரு போர்ட் இருந்தால் உள்ளுக்கை இன்னொண்டு இருக்கும் எண்டு பஸ் ஓடினவனுக்குத் தெரியாதோ? அவ பாவம். குசினிக்கை பைப்பைத் திறந்து விட்டிட்டு அழுறா. தண்ணி வீணாப் போகுது. நான் கேக்காத மாதிரிக் கிடக்கிறன். அவவுக்குப் பெலன் தாரும். என்ரை அண்ணைக்கு என்ன நடந்ததெண்டு உமக்குத் தெரியும். எனக்குப் பயமாக் கிடக்கு, ஆண்டவரே. ஆமென்."

ஒருத்தரும் ஆமென் சொல்லேல்லை. கேத்தில் மட்டும் கிடந்து கத்துது.

முறை எனக்கு. பாட்டொண்டும் வரேல்லை. வந்தது கோவம். அப்பிடி ஒரு கோவம் எனக்கு முந்தி வந்ததில்லை. அவரைப் பாத்துக் கதைக்கேலாது, ஜெபத்துக்கு நடுவிலை கதைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கண்ணை இறுக்கி மூடினன்.

"ஆண்டவரே, உந்த மனிசனைப் பாரும்! எல்லாம் தெரிஞ்சுகொண்டு, ஒண்டும் தெரியாத பிள்ளை மாதிரி என்னைப் பேய்க்காட்டிக்கொண்டு இருந்தவர். நான் முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை புதைச்சுக்கொண்டு திரிய, இவர் இருந்து பாத்துக்கொண்டு இருந்தவர். தண்ணி வீணாப் போகுதாம், ஆண்டவரே! தண்ணிதான் இவருக்குக் கவலை! அண்ணைக்கு நடந்தது உமக்குத் தெரியும் எண்டு சொல்லுறார். அண்ணைக்கு முத்தின பிறகுதான் தெரிய வந்தது. இவருக்கு நேரத்தோடை கண்டாச்சு. வெட்டினால் தப்பும் எண்டு டொக்டர் வாய் திறந்து சொன்னவர். அதை நான் இவருக்கு..."

அந்த இடத்திலைதான் எனக்கு உறைச்சுது. அதை நான் இவருக்குச் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது? வருத்தத்தை மறைக்க வெளிக்கிட்டு, ஆள் தப்பும் எண்ட கதையையும் சேர்த்து மறைச்சுப்போட்டன். இவ்வளவு நாளும் இந்த மனிசன் எனக்குப் பக்கத்திலை படுத்துக்கொண்டு, தன்ரை அண்ணையின்ரை பெட்டியை நினைச்சுக்கொண்டு கிடந்திருக்கிறார். தனிய.

"அதை நான் இவருக்குச் சொல்லாமல் விட்டிட்டன், ஆண்டவரே" எண்டன்.  "என்னை மன்னியும். இனிக் குடை பிடிக்கமாட்டன். பொய்யும் சொல்லமாட்டன். திங்கட்கிழமை இவரைக் கூட்டிக்கொண்டு போக வேணும். வருவாரோ மாட்டாரோ எனக்குத் தெரியாது. இவர் இல்லாமல் இந்த வீட்டிலை இருக்க எனக்கு ஏலாது. வரச் சொல்லும், ஆண்டவரே. நீர் சொன்னாலாவது கேக்கட்டும்."

அதுக்கு மேலை கதை வரேல்லை. ஜெபிச்ச ஆள்தான் ஆமென் சொல்லி முடிக்க வேணும், எனக்கு வாய் வரேல்லை. நான் முடிக்காமல் மற்றவையும் சொல்லமாட்டினம். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்திச்சினம். றெஜினா அக்காவும் மூச்சுக் காட்டேல்லை. போதகர் கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்குவம் எண்டு பாத்தவர் போலை, சின்னதா ஒரு சத்தம் கேட்டுது. பிறகு அவரும் நிப்பாட்டியிட்டார்.

பக்கத்துக் கதிரை கிறீச்சிட்டுது. என்ரை கையிலை ஒரு கை வந்து விழுந்தது. காச்சுப்போன உள்ளங்கை, ஸ்ரேறிங் பிடிச்ச கை.

"ஆமென்" எண்டார் என்ரை மனிசன்.

அதுக்குப் பிறகுதான் மற்றவை சொன்னவை.