நீக்கு, அகற்று

என் அக்கா புருஷனுக்கு மூளை அதிகம். சொந்தமாக ஒரு கணினி மொழியையே எழுதி, அதை வைத்துக் கம்பெனியும் நடத்துகிறார். நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். பெயர் வைக்கத்தான் துப்பில்லை. அவர் மொழியில் இரண்டு கட்டளைகள்: ‘நீக்கு’, ‘அகற்று’. ஒன்று, வேண்டாத பெயரை விட்டுவிட்டு ஒரு நகலை மட்டும் காட்டும். மூலப் பட்டியலைத் தொடாது. மற்றது, மூலத்திலிருந்தே பெயரைத் தூக்கிவிடும். எது எதைச் செய்யும் என்று பெயரைப் பார்த்து எந்த மகராசன் கண்டுபிடிப்பான்?

எங்கள் ‘கண்ணாடி’யும் கண்டுபிடிக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவள், முகத்தில் பாதி மூக்குக்கண்ணாடி என்பதால் அந்தப் பெயர். ஒரு பல் மருத்துவமனைக்கு, அன்று வராத நோயாளிகளை விட்டு மற்றவர்களைத் திரையில் காட்ட வேண்டும். ‘அகற்று’ போட்டாள். வராதவர்கள் மொத்தமாகப் பதிவிலிருந்தே போய்விட்டார்கள். காப்புப் பிரதியிலிருந்து எல்லாரையும் மீட்டுவிட்டோம். ஆனாலும் மருத்துவர் போனில் கத்தினார்; அத்தான் அவளை வேலையை விட்டே நிறுத்திவிட்டார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பேர் வெச்சது நீங்க, வேலை போறது அவளுக்கா? நல்லா இருக்கே நியாயம்!”

“கையேட்டுல தெளிவா எழுதியிருக்கேன். படிக்கணும்.”

“இரட்டைப் பிள்ளைங்களுக்கு ஒரே சட்டையை மாட்டிட்டு, ஆள் தெரியலையான்னு கேக்குறீங்களே அத்தான்! பேரை மாத்துங்க.”

“எனக்கு ஒருநாளும் குழம்பினதில்ல” என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

எங்கள் அலுவலகக் கதவு, பட்டியலில் பெயர் உள்ளவர்களின் அட்டைக்குத்தான் திறக்கும். அதுவும் அவர் மொழியில் ஓடுவதுதான். என் கண் முன்னாலேயே ஒரு வரி தட்டினார். அவள் பெயர் இல்லாத பட்டியல் திரையில் வந்தது. “முடிஞ்சது” என்றார்.

மறுநாள் காலை, தன் சாமான்களை எடுத்துப் போக அவள் வந்தாள். அத்தான் உள்ளேயிருந்தே சத்தம் போட்டார்: “அட்டை வேலை செய்யாதும்மா. இரு, வர்றேன்.”

அதற்குள் அவள் பழக்கதோஷத்தில் அட்டையைக் காட்டிவிட்டாள். கதவு திறந்துகொண்டது.

அத்தான் கணினியிடம் ஓடினார். அவர் தோளுக்கு மேலாக எட்டி, நேற்றைய வரியை ஊருக்கே கேட்கும்படி வாசித்தேன்.

“‘நீக்கு’! நகலைப் பாத்துட்டு முடிஞ்சதுன்னு எழுந்துட்டீங்க. இப்ப உங்களை யாரு அத்தான் வேலையை விட்டு அனுப்புறது?”

அவர் காது சிவந்துவிட்டது. திரையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “சரி, போய் உன் இடத்துல உக்காரும்மா.”

அவள் உட்காரவில்லை.

“முதல்ல பேரை மாத்துங்க சார்” என்றாள்.