பத்து மீற்றர் பிழை

எண்ணெய் இல்லையென்று, இரண்டு மணிக்குக் கிணற்றைச் சீமெந்து ஊற்றி மூடுவதாக முடிவாகியிருந்தது. முல்லைத்தீவுக் கடலில் ஒரு மாதமாக நின்று கப்பல் தோண்டிய எண்ணெய்க் கிணறு. எங்கள் பொறுப்பாளர் யோகநாதன் சேர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் மிச்சம். கரையில் ஒரு வாடகை வீட்டுக்குள் இருந்து, கப்பல் அனுப்பும் வாயு அளவுகளைப் பதிவது என் வேலை. என்னை வருகிற கிழமை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, உப்புத் தண்ணீர் கடத்தும். எங்கள் மணல் படையில் கருவி காட்டிய மின்தடை குறைவு, ஆகவே தண்ணீர் என்று எழுதிவிட்டார்கள். மணலுக்குள் களிமண் மெல்லிய படைகளாகக் கலந்திருந்தால், களியில் ஊறிய உப்புத் தண்ணீரே கருவியை ஏமாற்றிவிடும் என்று காலையிலிருந்து சேரோடு மல்லுக்கட்டினேன். வந்த வாயுவில் மீதேன் மட்டுமில்லை, புரொப்பேன், பியூட்டேன், பென்டேன் என்று பாரமான ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் சும்மா வருவதில்லை, எண்ணெய் இருக்கிற இடத்திலிருந்துதான் வருவார்கள்.

சேர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் என் பதிவின்படி அந்த வாயு மணலில் இல்லை, பத்து மீற்றர் கீழே வெறும் களியில் நின்றது. களியிலிருந்து எண்ணெய் எடுக்க முடியாது. என் பதிவில் பிழை வராது, கப்பலில்தான் ஏதோ குளறுபடி என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிழை பிடிக்கத்தான் கப்பலில் பம்பு பார்க்கிற கிருசாந்தனின் பழைய மெசேச்சுகளைத் தட்டினேன். மூன்று நாளுக்கு முன் எழுதியிருந்தான், பம்பின் சிலிண்டரைச் சிறிதாக மாற்றியாயிற்று, கணினியிலும் மாற்றுங்கோ அக்கா என்று. அதன் கீழே நான் போட்ட கட்டைவிரல். கணினியில் இன்னும் பழைய அளவே நின்றது. அன்று காய்ச்சலும் இல்லை, வேலை நெருக்கடியும் இல்லை. பார்த்தேன், விரலை அழுத்தினேன், மறந்தேன்.

அடியில் அரைபடும் பாறையின் வாயுவை, பம்பு கிணற்றுக்குள் சுற்றவிடும் சேறுதான் மேலே கொண்டுவரும். அதற்குப் பம்பு எத்தனை தரம் அடிக்க வேண்டும் என்பதை வைத்தே கணினி ஆழத்தை எழுதும். சிலிண்டர் சிறிதானால் வாயு பிந்தி வரும். அது தெரியாத கணினி, இன்னும் ஆழத்திலிருந்து வந்ததாக எழுதிவிடும். புதிய அளவைக் கொடுத்தேன். வாயு பத்து மீற்றர் மேலே ஏறி, மணலுக்குள் அப்படியே பொருந்தியது. அப்போது ஒரு மணி.

கிருசாந்தனுக்கு அழைத்தேன். போன கிணற்றில் ஆழத்தைப் பிழையாகப் பதிந்த வினோதனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினது அவனுக்கும் தெரியும்.

"நான் சொல்ல மறந்திட்டன் எண்டு சொல்லுங்கோ அக்கா. மெசேச்சை அழிச்சுப்போடுறன். எனக்கு வேறை கப்பல் கிடைக்கும்."

அப்படிச் செய்தால் என்ன என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்துக்காக என் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. பிறகு, அழித்தால் உன் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, சேரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வாயு வரைபின் புதிய கோட்டையும் பழைய கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கோட்டை மாத்திரம் நகர்த்திக் காட்டினால் கொழும்புத் தலைமை ஒப்பிசிலை நம்பமாட்டினம். ஏன் பிழைச்சது, ஆர் விட்ட பிழை எண்டு எழுதித் தாரும் பிள்ளை. தந்தால்தான் நிப்பாட்டலாம்."

நான் விட்ட பிழை என்று எழுதி, மெசேச்சையும் சேர்த்துக் கொடுத்தேன். ஒன்றே முக்காலுக்கு அனுப்பினார். கப்பலில் சீமெந்தைக் கலக்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, நிறுத்தி, மணலிலிருந்து மாதிரி எடுக்கும் கருவியை இறக்கச் சொல்லிப் பதில் வந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் சேர் அழைத்தார். மோட்டார்சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன்.

"பிள்ளை, நீர் இனி வரத் தேவையில்லையாம். நான் எவ்வளவோ கதைச்சுப் பாத்திட்டன்."

"எடுத்த மாதிரியிலை என்ன சேர் இருந்தது?"

"எண்ணெய்தான். நீர் சொன்ன அந்த மணலிலைதான்."

ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அழுதேன்.