ஐந்தாவது வரியில் இருந்த கேள்வி

1

“ஆன்ட்டி ஏன் எப்போதும் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள்?”

இந்தக் கதை பிறந்தது இந்தக் கேள்வியில்தான். கேட்டவன் க்ரிஷ். ஆறு வயது முடிந்த அன்று, பிளசன்டனில் அவன் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில், கேக் ஒட்டிய விரலோடு, வந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டான். இங்கே அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும். வாயில் ஆங்கிலம்தான் வரும். ஆகவே மேலே இருப்பது என் தமிழ்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்டி என்று அவன் சொன்ன ருக்மிணியும் சிரித்தாள். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்திலிருந்து, சமைக்கவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் அந்த வீட்டுக்கு அழைத்துவரப்பட்டவள். வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளுடைய பாஸ்போர்ட் வீட்டுக்காரர்களின் அலமாரியில் இருந்தது. தனியாக வெளியே போவதென்றால், குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிவைக்கப் போகும் அந்த இருபது அடிதான்.

விருந்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கிளம்பும்போது, பிள்ளைகளுக்குத் தந்த பரிசுப் பையின் அட்டையில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதி, சமையலறை மேடையில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். பதினொரு நாள் கழித்து ருக்மிணி அந்த எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்தவள் ஜூடித்.

2

எங்கே தொடங்குவது என்று நான்கு நாள் முழித்தேன். கைவிட்டவை இவை:

“சான்டா கிளாராவில், மளிகைக் கடைக்கும் வரி அலுவலகத்துக்கும் நடுவே, மனித உரிமைக்கும் மக்கள் மேம்பாட்டுக்கும் என்று பலகை மாட்டிய இரண்டு அறைகள் உண்டு. அங்கே—”

(பலகையைப் படித்ததும் வாசகர் மளிகைக் கடைக்குள் போய்விடுவார்.)

“கணவர் ரூஃபஸ் இறந்த மூன்றாம் வருடம் ஜூடித்—”

(இறந்தவரைக் கதவாக்கி உள்ளே நுழைவது முறையல்ல.)

“கடவுள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான்—”

(எனக்குப் பிரசங்கம் செய்யும் பழக்கம் உண்டு. அடக்கிக்கொண்டேன்.)

கடைசியில் குழந்தையின் கேள்விதான் முதலில் போய் உட்கார்ந்தது. நல்ல வரி என்று தெரிந்துவிட்டால் என் கை அதைத் தூக்கி உச்சியில் வைத்துவிடும். அந்தக் கைப்பழக்கம் ஒருத்தியை என்ன செய்தது என்பதுதான் இனி வருவது.

3

ஜூடித்துக்கு ஐம்பத்து நான்கு வயது. மார்த்தாண்டத்துக்காரி. நானும் அவளும் ஒரே தமிழ் ஆலயத்துக்குப் போகிறவர்கள். மகன் ஜெஃப்ரின் டெக்சாஸில் வேலையில் இருக்கிறான். ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு பத்து நிமிடம் பேசுவான். அந்தப் பத்து நிமிடத்தில் ஏழு, அவன் ஊர் வெயிலைப் பற்றியது.

சான்டா கிளாராவில் பலகை மாட்டிய அந்த அமைப்பில் அவள் மொழிபெயர்ப்பாளர். வேலையில் முக்கால் பங்கு காத்திருப்பது: வக்கீல் அறைக்கு வெளியே, மருத்துவமனை நாற்காலியில், நிறுத்தப்பட்ட காரில். மீதிக் கால் பங்குக்கு ஒரு விதி உண்டு. வந்தவர் ‘நான்’ என்று சொன்னால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘இவர் சொல்கிறார்’ என்று தள்ளி நிற்கக் கூடாது. ஆரம்பத்தில் ஜூடித்துக்கு நாக்கு திரும்பவில்லை. வக்கீல் இரண்டு முறை நிறுத்தித் திருத்தினார். பிறகு பழகிவிட்டது. ருக்மிணிக்காக எட்டு மாதம், “என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்”, “நான் பயந்தேன்” என்று ஜூடித்தின் வாய் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

[வீட்டுக்கு வந்தால் ‘நான்’ என்று தொடங்கிப் பேச அவளுக்கு ஆள் இல்லை. இந்த வரி கதைக்குத் தேவையா என்று தெரியவில்லை. எடுக்க மனம் வரவில்லை.]

ருக்மிணி அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தாள். பாஸ்போர்ட் திரும்பி வந்தது. ரெனிஷா என்ற பெண் வீட்டிலேயே நடத்தும் டேகேரில் ருக்மிணிக்கு வேலையும் பின்னறையும் கிடைத்தன. செவ்வாய்க்கிழமைகளில் ஜூடித் சாம்பாரோ மீன்குழம்போ கொண்டுபோய்க் கொடுப்பாள். பாத்திரம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பவில்லை. நாலு எலுமிச்சம்பழம், ஒரு பிடி வறுத்த கடலை, எதுவும் இல்லாவிட்டால் ஒரு கரண்டி சர்க்கரை. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது தன் வீட்டில் வழக்கமில்லை என்று ருக்மிணி சொல்லியிருக்கிறாள்.

அப்படி ஒரு செவ்வாயில்தான், காரில், க்ரிஷ் கேட்ட கேள்வியை அவள் சொன்னாள். அவன் கேட்ட மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஃப்ரீவேயில் இறங்க வேண்டிய இடத்தை ஜூடித் தவறவிட்டாள்.

4

இங்கே ஒரு கெட்டவர் தேவைப்படுகிறார். க்ரிஷின் அம்மா பிரீத்தியை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தேன்.

“பிரீத்தி கதவைப் பூட்டிச் சாவியை—”

இல்லை. அவள் பூட்டவில்லை. ருக்மிணிக்குக் குளிரும் என்று நல்ல ஸ்வெட்டர் வாங்கித் தந்தவள். ருக்மிணிக்குக் காய்ச்சல் வந்தபோது தானே கஞ்சி வைத்தவள். பாஸ்போர்ட்டைப் பற்றி ருக்மிணி கேட்டபோது, “தொலைஞ்சிடக் கூடாதுன்னுதானே ஆன்ட்டி சேஃபா வெச்சேன்” என்று உண்மையாகவே நம்பிச் சொன்னவள். செய்தது தவறு. ஆனால் அவளை அரக்கியாக எழுதினால் நாம் எல்லோரும் எளிதாகத் தப்பித்துக்கொள்வோம். ஆகவே பிரீத்தி இந்தக் கதையில் இவ்வளவுதான்.

உண்மையான தீங்கை நல்லவர்கள் இருவர் செய்தார்கள்.

5

வருடக் கடைசியில் அமைப்பு எல்லோருக்கும் ஒரு மடல் அனுப்பும். அதில், உதவி பெற்ற ஒருவரின் கதை முந்நூறு சொற்களில் வர வேண்டும். ஜூடித் முறைப்படி ருக்மிணியிடம் அனுமதி கேட்டாள். தன் பெயர் வராது என்றால் எழுதலாம், வேறொருத்திக்கு உதவட்டும் என்றாள் ருக்மிணி. ஜூடித் பெயரை மாற்றினாள். கோபியைத் தென்காசி ஆக்கினாள். பையனைச் சிறுமி ஆக்கினாள். பிளசன்டனை எடுத்தே விட்டாள். எழுதியதைத் தமிழ் திருத்த ஒருவரிடம் கொடுத்தாள்.

அந்த ஒருவர் நான்.

குழந்தையின் கேள்வி அப்போது ஐந்தாவது வரியில், இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அடக்கமாக இருந்தது. அதை முதல் வரிக்கு ஏற்றியது நான். கொட்டை எழுத்தில் போடச் சொன்னதும் நான். “இதுதான் உயிர்” என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம். முப்பது குடும்பங்கள் காதால் கேட்டுச் சிரித்த ஒரு கேள்வியை எப்படி மாற்றுவது? இருவருக்கும் அது தோன்றவில்லை. மடல் காலையில் போனது. மதியத்துக்குள் அந்தப் பிறந்தநாள் விருந்துக்காகத் தொடங்கிய வாட்ஸாப் குழுவில் அது வந்துவிட்டது. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: “இது நம்ம க்ரிஷ் கேட்டதாச்சே?”

அடுத்த வாரம் ரெனிஷா ருக்மிணியிடம் மரியாதையாகத்தான் பேசினாள். பிள்ளைகளை விடுகிற பெற்றோர் ஏதேதோ விசாரிக்கிறார்கள், கேஸ் கீஸ் என்றால் பயப்படுகிறார்கள், கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். வேலையும் பின்னறையும் ஒரே நாளில் போயின.

6

ஆலயத்தில் விருந்தினர் தங்கும் அறை ஒன்று உண்டு. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல். ருக்மிணி அங்கே இருந்தாள். வார நாளில் அந்தக் கட்டடத்தில் குளிர்பதனப் பெட்டியின் முனகலைத் தவிர வேறு சத்தம் இருக்காது. செவ்வாய்க்கிழமை ஜூடித் குழம்பைக் கொடுத்துவிட்டு வந்தாள். வியாழக்கிழமை பாத்திரம் கதவுக்கு வெளியே இருந்தது. துலக்கி, துடைத்து, வெறுமையாக.

ஜூடித் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டாள். ருக்மிணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஜூடித் அன்று தூங்கியிருப்பாள்.

“பொய்யா ஒண்ணும் எழுதலீங்க்கா நீங்க. ஆனா அத உங்ககிட்ட எழுதறதுக்குச் சொல்லலீங்க. சிரிக்கறதுக்குச் சொன்னேன்.”

பிறகு, இன்னும் மெதுவாக: “இனி யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க.”

இதில்தான் சிக்கல். இந்த நாட்டில் தங்கி வேலை செய்ய அனுமதி கேட்டு ருக்மிணி மனுப் போட்டிருந்தாள். பன்னிரண்டாம் தேதி ஓர் அதிகாரியின் முன் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மனு நிற்காது. ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஊரில் அவளுடைய மகள் நர்சிங் இரண்டாம் வருடம். சொல்லக் கூடாத இடத்தில் நாங்கள் சொல்லிவிட்டோம். சொல்லியே தீர வேண்டிய இடத்தில் அவளுக்கு வாய் அடைத்துவிட்டது.

ஐந்தாவது வரியை ஏற்றியது நான்தான் என்று ருக்மிணியிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று ஜூடித்திடம் சொன்னேன்.

“வேண்டாம். அனுப்பினது நான்தானே” என்றாள்.

7

முடிவுகள் என்னிடம் இரண்டு இருந்தன.

முதலாவது மடலுக்கு ஏற்றது. ருக்மிணி தைரியமாகப் பேசுகிறாள், அதிகாரி கண் கலங்குகிறார், இன்று அவள் சொந்தமாகச் சமையல் தொழில் நடத்துகிறாள், அருகில் ஒரு புகைப்படம். (அதிகாரிகள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.)

இரண்டாவது: விமான நிலையம். ருக்மிணி கோயம்புத்தூருக்கு— (எழுதும்போதே, அழகாக வருகிறதே என்று ஒரு மகிழ்ச்சி எழுந்தது. அந்த மகிழ்ச்சியைக் கண்டு பயந்து நிறுத்தினேன்.)

நடந்தது இதுதான். பன்னிரண்டாம் தேதி காலை ஜூடித் அவளை அழைத்துப் போனாள். அதிகாரியின் கட்டடத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விட்டார்கள். வக்கீல் இன்னும் வரவில்லை. ருக்மிணி மனுக் காகிதங்கள் இருந்த கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, தான் உள்ளே வருவதாகவும், ஆனால் வாய் திறக்கப் போவதில்லை என்றும், அக்காவுக்குச் சிரமம் வைத்ததற்கு வருத்தம் என்றும் சொன்னாள்.

ஜூடித் இன்ஜினை அணைத்தாள். பிறகு, “உங்க விஷயம் ஒண்ணு என்னால வெளில போயிடுச்சு. அத திரும்ப எடுக்க முடியாது” என்றாள். “என் விஷயம் ஒண்ணு சொல்றேன். ஜெஃப்ரினுக்குக்கூடத் தெரியாது. அது உங்ககிட்ட இருக்கட்டும். நீங்க என்ன வேணா பண்ணுங்க.”

சொன்னாள்.

8

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், ஜூடித் தலையை அசைத்து மறுத்துவிட்டாள். எழுதுகிறவனுக்குத் தெரியாவிட்டால் என்ன, கற்பித்துக்கொள்ளலாமே என்று மூன்று முறை உட்கார்ந்தேன்.

“ரூஃபஸ் கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோது நான்—”

“மார்த்தாண்டத்தில், எனக்குப் பத்தொன்பது வயதில்—”

“ஒரு நாள், கோபத்தில், என் மகனை—”

மூன்றும் நன்றாகத்தான் தொடங்கின. மூன்றையும் நிறுத்தினேன். இவற்றில் ஒன்று தற்செயலாக உண்மையாக இருந்துவிட்டால்?

சொல்லி முடித்த பின் ருக்மிணி ஒரே ஒரு கேள்வி கேட்டதாக மட்டும் ஜூடித் சொன்னாள்: “இத வேற யாருக்குச் சொல்லியிருக்கீங்க்கா?”

“யாருக்கும் இல்ல.”

“அப்ப எனக்கும் தெரியாதுங்க.”

அவ்வளவுதான். கோப்பை எடுத்துக்கொண்டு ருக்மிணி காரைவிட்டு இறங்கினாள். உள்ளே மூன்று மணி நேரம் பேசினாள். மனுவின் பதில் இன்னும் வரவில்லை. இதை நீங்கள் படிக்கும்போது வந்திருக்கலாம். என்ன வந்திருக்க வேண்டும் என்று உங்களுக்கு ஓர் ஆசை இருந்தால், அதை இரண்டு நிமிடம் ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவுக்கு என்னால் செய்ய முடிந்த ஏற்பாடு அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இதை எழுதலாமா என்று ஜூடித் மூலம் ருக்மிணியிடம் கேட்டனுப்பினேன். நான் செய்ததையும் அப்போது சொல்லச் சொன்னேன். இந்த முறை ஜூடித் தடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: தன்னைத் தெரிந்தவர்கள் படித்தாலும் தன்னைத் தெரியக் கூடாது, அப்படி முடியுமானால் எழுதலாம். ஆகவே பிளசன்டன் பிளசன்டன் அல்ல. கோபி கோபி அல்ல. மகள் படிப்பது நர்சிங் அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை கேட்டது அந்தக் கேள்வியே அல்ல. முதல் வரியில் நீங்கள் படித்தது நான் செய்துவைத்தது. உண்மையான கேள்வி இதைவிட நல்ல கேள்வி. எனக்கு இன்றும் மனப்பாடமாக இருக்கிறது. யாராவது வற்புறுத்தினாலும் மறந்துவிட்டேன் என்றே சொல்வேன். அந்தப் பொய்யைக் கடவுள் பொறுத்துக்கொள்வார்.

இனி நாம் இருவரும் இங்கே நிற்கத் தேவையில்லை. அதோ, பாதி காலியான கார் நிறுத்துமிடம், காலை வெயில், கண்ணாடிகள் ஏற்றிய ஒரு சாம்பல் நிறக் கார். உள்ளே இரண்டு பெண்கள். ஒருத்தி முன்னால் பார்த்தபடி பேசத் தொடங்குகிறாள். மற்றவள் மடியிலிருந்த கோப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்புகிறாள். அந்த உதடுகளின் அசைவு எனக்குப் புரிந்துவிடும் தூரத்தில்தான் நான் இருக்கிறேன்.

நான் திரும்பிக்கொள்கிறேன். நீங்களும்.