என் புருஷனை அரசனாக்கினார்கள்

என் புருஷன் தகூத்துக்கு எங்கள் அஸ்பாகத் நாட்டு இளவரசரின் முகச்சாடை இருந்தது. கோட்டை வாசலில் அவர் முலாம்பழ வண்டியை நிறுத்தினால் காவல்காரர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள்.

"இளவரசருக்கு இன்னிக்கி வியாபாரம் எப்படி?" என்று ஒருவன் கேட்பான்.

"நாடு போண்டியாயிடுச்சுடா. பழத்த வாங்கிட்டு வழிய விடு" என்பார் இவர்.

இளவரசர் அர்த்தவான் ஊரில் இருந்தவரை அது வெறும் கேலிதான். பிறகு அவர் புல்வெளி நாடோடிகளோடு சண்டைபோட வடக்கே போனார். படை திரும்பியது, அவர் திரும்பவில்லை. செத்ததைக் கண்ணால் பார்த்தவனும் இல்லை. மறுவருஷம் பழம் அறுக்கும் பருவத்தில் அரசர் இறந்துபோனார். எல்லைக்கோட்டையில் இருந்த அரசரின் தம்பிதான் அடுத்து என்று ஊர் பேசிக்கொண்டது. அவர் வந்தால் குதிரைப்படைத் தலைவன் வராஸின் தலை தப்பாது என்றும் பேசிக்கொண்டது. இரண்டு பேருக்கும் பழைய பகை.

ஒரு மத்தியானம் வராஸ் எங்கள் வயலுக்கு வந்தான். வரப்பில் உட்கார்ந்து, ஒரு பழத்தை வெட்டி நிதானமாகத் தின்றபடி தகூத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுந்து நட" என்றான்.

தகூத் நடந்தார்.

"குதிர ஏறுவியா?"

"கழுததான் பழக்கம், ஐயா."

"பழகிக்கலாம். வாயத் தொறந்தாத்தான் வம்பு. எதிரியோட சிறையில தொண்டைல அடிபட்டுச்சுன்னு சொல்லிக்கலாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தகூத்துக்கு விளங்கிவிட்டது. "எனக்கு இந்த வயலு போதும், ஐயா" என்றார்.

"உன்னை நான் கேக்கல" என்ற வராஸ் என் பக்கம் திரும்பினான். "உன் புருஷன் ஆத்துல போயிட்டான். நாளைக்கி எழவு வை. நல்லா அழு. உன் அழுகையில எவனுக்காவது சந்தேகம் வந்துச்சுன்னா, இவன் நெசமாவே ஆத்துல போவான்."

அவரைக் குதிரைமேல் ஏற்றி, முகத்தைத் துணியால் மூடிக் கொண்டுபோனார்கள். மறுநாள் நான் கூந்தலை அறுத்தேன். எங்கள் வழக்கப்படி கன்னத்தை நகத்தால் கீறிக்கொண்டேன். தெருவே வந்து கூட அழுதது. நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

அறுவடை முடிவதற்குள் இளவரசர் சிறையிலிருந்து தப்பி வந்துவிட்டார் என்று முரசறைந்தார்கள். ஊரைக் கோட்டை முற்றத்துக்கு வரச்சொன்னார்கள். நானும் கூட்டத்தோடு நின்றேன். தகூத் குதிரையிலிருந்து தடுமாறி இறங்கினார். வயதான ராணி படியிறங்கி வந்து, அவர் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி வெகுநேரம் பார்த்தாள். பிறகு "என் புள்ள" என்றாள். அந்தம்மா சொன்னபிறகு யார் என்ன பேசமுடியும்?

அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் அவரிடம் பழம் பேரம் பேசியவர்கள். எல்லோரும் குனிந்து வணங்கினார்கள். அடுத்த வீட்டுக்காரி என் கையைப் பிடித்து இழுத்தாள். "மிவ்னை, நான் ஒண்ணும் பாக்கல. நீயும் ஒண்ணும் பாக்கல. வா, ரொட்டி சுடணும்."

தகூத்துக்கு முடிசூட்டினார்கள். அவர் அரசராக இருந்தவரை அவரை ஒரே ஒருமுறைதான் கிட்டத்தில் பார்த்தேன். வருஷக் கடைசியில், இறந்துபோனவர்களுக்குப் படையல் வைக்கும் நாளில், அரசர் விதவைகளுக்குத் துணி கொடுப்பது வழக்கம். என்னையும் வரிசையில் நிறுத்தினார்கள். போகாமல் இருந்திருக்கலாம், கால் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் வராஸ் நின்றுகொண்டிருந்தான்.

"உனக்கு யாரு போனது?" என்று தகூத் கேட்டார். கட்டையான, பொய்யான குரல்.

"புருஷன், ராசா."

"எப்படி?"

"ஆத்துல போயிட்டாருன்னு சொன்னாங்க."

"நல்லவனா?"

"கோவக்காரரு. ஆனா எங்க போனாலும் பொழுது சாயறதுக்குள்ள வீடு வந்துடுவாரு."

துணியை நீட்டினார். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இனிமே வரமாட்டான்மா. கதவத் தாப்பா போட்டுட்டுத் தூங்கு."

வராஸ் அடுத்தவளை முன்னால் வரச் சொன்னான்.

பனி உருகியதும் அரசரின் தம்பி பெரும்படையோடு வந்து ஊரை வளைத்தார். கொஞ்சநாள் மதில்மேல் நின்று சண்டை போட்டார்கள். பிறகு வராஸே ஆள் அனுப்பிப் பேசி, வடக்கு வாசலைத் திறந்துவிட்டான். இளவரசனென்று வந்தவன் தன்னையும் ஏமாற்றிவிட்டதாகப் புது அரசரிடம் சொன்னான். அதை நிரூபிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. மறுபடி என்னைத் தேடி வந்தான்.

"சபைக்கி வந்து, இவன் என் புருஷன், பழம் விக்கிறவன்னு சொல்லு" என்றான்.

"சொன்னா அவர விட்டுடுவீங்களா?"

"இல்ல."

"சொல்லலேன்னா?"

"அப்போ அவன் செத்துப்போன ராசாவோட மகன். ஆசனம் அவனுக்குத்தான் சேரணும். அப்படிப்பட்டவன யாராச்சும் உசுரோட வெப்பாங்களா? நீயே சொல்லு."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொன்னேன்னா உடம்ப உன்கிட்ட தரச் சொல்றேன். என்னால ஆனது அவ்வளவுதான்" என்றான். ஏதோ உபகாரம் செய்கிறவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

சபையில் தகூத்தைக் கைகட்டி நிறுத்தியிருந்தார்கள். கிழிந்த பட்டு அங்கி இன்னும் உடம்பில் தொங்கியது. என்னைக் கண்டதும், யாரும் கேட்பதற்கு முன்பே, "இந்தப் பொம்பள யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார். அவசரத்தில் சொந்தக் குரலில் சொல்லிவிட்டார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சபையிலிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ராணி எழுந்தாள். "அவன் என் புள்ள. அந்தப் பொண்ண வீட்டுக்கு அனுப்புங்க."

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அந்த நொடிவரை எனக்கே தெரியாது. உடம்பு கிடைக்கும் என்பதற்காகச் சொன்னேனா? இருக்கலாம். அவர் பேரை நான் வாய்விட்டுச் சொல்லி எவ்வளவோ காலமாகியிருந்தது.

"இவரு என் புருஷன்" என்றேன். "பேரு தகூத்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

புது அரசர் வராஸைப் பார்த்து, "ரெண்டு பேரு சொந்தம் கொண்டாடுறாங்களே, யாருக்குக் குடுக்கறது?" என்றார். சிலர் சிரித்தார்கள். அன்று பகலிலேயே கோட்டை வாசலில் வைத்து அவரை முடித்துவிட்டார்கள். உடம்பை எங்கள் இரண்டு பேருக்குமே கொடுக்கவில்லை. வராஸிடம் போய் நின்றேன். "கேட்டுப் பாத்தேன், ஒத்துக்கல" என்று சொல்லிக் குதிரையைத் தட்டிவிட்டான். அவனுக்குப் பதவியும் போகவில்லை, தலையும் போகவில்லை.

கோயில் பூசாரியிடம் போய், உடம்பில்லாவிட்டாலும் மந்திரமாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். "உன் புருஷனுக்குப் போன வருஷமே எல்லாம் முடிஞ்சிடுச்சே, தாயி. ஒருத்தனுக்கு ரெண்டு தடவ சொல்லக்கூடாது" என்றார். அவர் பயந்துபோயிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ராணியை ஊரைவிட்டு மலையடிவாரத்துக்கு அனுப்பினார்கள். கூடப் போக வேலைக்காரிகள் யாரும் முன்வரவில்லை. அந்தம்மா எனக்கு ஆள் அனுப்பினாள். என் தெருவில் என்னோடு பேச ஆளில்லாமல் போயிருந்தது, நானும் கிளம்பினேன்.

இருவரும் ஒரே வண்டியில் போனோம். ஊர் மதில் மறைந்தபிறகு நான்தான் கேட்டேன்.

"உங்களுக்கு எப்போ தெரியும்மா?"

"முகத்தைத் தொட்டப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"பின்னால வராஸ் நின்னானே, பாக்கலியா நீ?" என்றாள். பிறகு, "நல்ல பையன். தினமும் என் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிடுவான். பாதிநாள் நான் மறந்தே போயிடுவேன்" என்றாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி, வடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "என் புள்ள உசுரோட இருந்து, நெசமாவே திரும்பி வந்தான்னா" என்றாள், "அவனை யாரும்மா நம்புவாங்க?"

வண்டிக்காரன் மாட்டை அதட்டினான்.