அவள் பக்கத்துக் கதவு

1

இந்தக் கதையை என் ஜன்னலிலிருந்து திருடினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே, எங்கள் மாடியிலேயே எதிர்வீட்டில் இருக்கும் எலக்ட்ரீஷியன் தன் பழைய காரின் கதவு ரப்பரைப் பிடுங்கி, சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். யார் வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் உடனே ஓடுகிற மனிதர். அவர் மனைவி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டது ஊரறிந்த விஷயம். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

முதல் வரி: "வானம் கறுத்துக்கொண்டு வந்தது, அவர் நெஞ்சைப் போலவே..." (வேண்டாம். இதை எழுதிய கையைத்தான் முதலில் கழுவ வேண்டும்.)

2

மறுபடியும் ஆரம்பிக்கிறேன். மனைவி உட்காரும் பக்கத்துக் கதவின் ரப்பர் காய்ந்து தட்டையாகிவிட்டதால் மழை வந்தால் அவள் தோளில் சொட்டும். வண்டி ஓடினால் காற்று புகுந்து ஊளையிடும். அவள் பேசுவது அவருக்குக் கேட்காது. கேட்டாலும் கேட்காத மாதிரி இருந்துகொள்ள அது வசதி.

இதுவரை படித்த என் மனைவி கேட்டாள்: "அவரு ரப்பரையே கட்டிட்டு அழுறாரு. அந்தப் பொண்ணு எங்க?"

நியாயம்தான். எனக்கு அவளைத் தெரியாது. படிக்கட்டில் ஒதுங்கி வழிவிடுவாள், அவ்வளவுதான். ஒரு வரைவில் அவளைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். அப்போது அவர்மேல் சுலபமாக இரக்கம் வந்தது. வெட்கப்பட்டு அந்த வரைவை அடித்துவிட்டேன்.

3

ரப்பரைப் பிடுங்கும்போது இடுக்கில் ஒரு துணிப்பட்டை கிடைக்கிறது. பழைய துண்டைக் கிழித்து, மடித்து, ஒழுகும் இடத்துக்கு அளவாகத் தைத்தது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அவளே அடைத்துக்கொண்டிருக்கிறாள். (துணியை நான் பார்க்கவில்லை. ஆனால் அவர் கையில் எதையோ வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தே இருந்தார். அது உண்மை.)

மனசு கேட்காமல் கீழே இறங்கிப் போனேன். நசுங்கிய ரப்பரை வெந்நீரில் போட்டு, விரலால் உருட்டி எழுப்பி, சிலிகான் கிரீஸ் தடவிப் பொருத்தியிருந்தார். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தார். காகிதம் வரவில்லை, அவ்வளவு இறுக்கம்.

"அரை நாள் வேலை சார். இதைப் போய் இத்தனை வருஷமா..." என்றவர் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப் போவதில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"சாயங்காலம் அவளைப் பாக்கப் போறேன். திரும்பி வர்றேன்னு அவ சொல்லல. கார்ல கொஞ்ச தூரம் போயிப் பேசலாம்னு மட்டும் சொல்லியிருக்கா."

4

முடிவு ஒன்று: மழை பெய்கிறது, சொட்டவில்லை, அவள் சிரிக்கிறாள். (எனக்கே நம்பிக்கையில்லை. ஒரு ரப்பருக்கு அவ்வளவு சக்தி கிடையாது.)

முடிவு இரண்டு: அவள் ஏறவே... (இல்லை. பேசுவதாகச் சொன்னவள் ஏறுவாள்.)

முடிவு மூன்று: கார் ஓடுகிறது. உள்ளே துளிச் சத்தம் இல்லை.

"இப்ப நீ பேசினா நல்லா கேக்கும்," என்கிறார்.

"தெரியுது," என்கிறாள் அவள். "ஆனா அப்ப என்னவெல்லாம் சொல்ல நினைச்சேன்னு எனக்கே மறந்துபோச்சு."

இதற்கு அவர் என்ன பதில் சொல்வார்? மன்னிப்பு, சத்தியம், அழுகை எல்லாம் எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் தேறவில்லை, இப்படி ஒரு வரியை அவளுக்குக் கொடுத்தது என் தப்பு. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள், ஓடிப்போய் அவரிடம் சொல்கிறேன். கீழே வண்டியைக் கிளப்பிவிட்டார்.