நாற்பத்து மூன்றாவது வளைவை எப்படி எழுதுவது

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு காரின் பின்பக்க பம்பரில். வெள்ளைக் கார், புதுச்சேரி நம்பர். பம்பரின் வலது மூலையில் தேங்காய் மூடி அளவுக்கு ஓர் ஒடுக்கு. அது எப்படி விழுந்தது என்று காரைக்காலில் மூன்று பெண்களுக்குத்தான் தெரியும். கார் ஓட்டிய சித்திக்கா, முன்சீட்டில் இருந்த சொர்ணாம்பாள், பின்சீட்டில் கையில் எலுமிச்சம்பழத்தோடு கிடந்த நான்.

உங்களுக்குச் சொல்லலாமா கூடாதா என்பதில்தான் பத்து நாளாக இந்தக் கதை நிற்கிறது. காரணம், கார் சித்திக்காவின் மகன் தௌஃபீக் பெயரில் இருக்கிறது. அவன் துபாயில் இருக்கிறான். நான் எழுதி அனுப்புவதையெல்லாம் அங்கே போனில் முதல் ஆளாகப் படிப்பவனும் அவன்தான். நாங்கள் கொல்லிமலைக்குப் போக ஒரு மாதம் கெஞ்சியபிறகு அவன் சம்மதித்தது இப்படி:

"போய்ட்டு வாங்க உம்மா. ஆனா வண்டில ஒரு கீறல் விழுந்துச்சுன்னு வைங்க, வித்துருவேன். காருக்காவ சொல்லல. உங்களுக்காவத்தான் சொல்றேன்."

சித்திக்கா ஐம்பத்தொன்பது வயதில் கார் ஓட்டக் கற்றவள். கணவர் மௌத்தாகி அடக்கம் ஆன பிறகு வீட்டை விட்டு வெளியே வர அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தக் கார். அது போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதவும் முடியவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

2

தொடக்கங்கள்:

"பச்சைப் பட்டு உடுத்திய மலைமகள்..." வேண்டாம். மலை எதையும் உடுத்தியிருக்கவில்லை. அடிவாரத்தில் நாங்கள் பார்த்தபோது மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது, அவ்வளவுதான்.

"விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்த கையோடு மூன்று பெண்கள் ஒரு காரில் ஏறி..." இது போலீசில் கொடுத்த புகார் மாதிரி இருக்கிறது.

"எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் அரசலாற்றுப் பாலம்தான். அதற்கு மேல் உயரமாகப் போக வேண்டுமென்றால் மாடிப்படி ஏற வேண்டும்." இது இருக்கட்டும். இனி வருவதற்கெல்லாம் இதுதான் காரணம்.

3

கதைக்கு மூன்று பேர் அதிகம் என்று பட்டது. பக்கத்துப் பூவம் ஊர்ச் சொர்ணாம்பாளை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். முழங்கால் வலிக்காரி, மலைக்கு வரவே தயங்கியவள். அடிவாரத்துக் காரவள்ளியில் ஏற்றம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் இருக்கும் எண் பலகையைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

"பதினெட்டு! இன்னும் அம்பத்திரெண்டு இருக்குக்கா!"

"ஏன்டி, நான் ஓட்டுறனா நீ ஏலம் உடுறியா?" என்றாள் சித்திக்கா. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தாள். முகத்தில் மட்டும் சிரிப்பு. பிறகு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "அந்துவானெத்து, உசுரோட இருக்கியா?"

"பழத்த மோந்துகிட்டு இருக்கேன்" என்றேன்.

"நல்லா மோந்துக்க. வாந்தி எடுத்தியோ, எறக்கி உட்டுருவேன்."

ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் மரங்களின் உச்சி. மரத்தின் உச்சியை மேலிருந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல்முறை. காற்றில் மிளகு வாசம் வந்தது. (மிளகு வாசமா, காட்டுச்செடியா? எனக்குத் தெரியாது. மிளகு என்றே இருக்கட்டும்.)

சொர்ணாம்பாளை எடுக்க முடியாது. கதவைச் சாத்தியது அவள்தான்.

4

நாற்பத்து மூன்றாவது வளைவு. அங்கே சாலை கொஞ்சம் அகலமாகி, பள்ளத்துப் பக்கம் கைப்பிடிச் சுவர் கட்டியிருக்கும். கீழே நாங்கள் ஏறிவந்த பாதை முழுக்கத் தெரியும். சித்திக்கா காரை ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு பின்சீட்டிலேயே படுத்திருந்தேன். சொர்ணாம்பாளும் இறங்கி, அவள் வீட்டு இரும்புக் கேட்டை அடிப்பதுபோல் கதவை ஓங்கிச் சாத்தினாள். அப்போது

[இந்த இடத்தில் சித்திக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "இதுக்கு மேல எழுதுன, உன்னோட நான் பேச மாட்டேன்."]

5

எனவே, போன் திரும்பக் கிடைத்ததும் வேறு விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் மாற்று: ஒரு குரங்கு காருக்குள் புகுந்து எதையோ இழுத்துவிட்டது. கார் பின்னால் போய்ச் சுவரில் முட்டியது.

இரண்டாவது மாற்று: ஜீப் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது.

மூன்றாவது மாற்று: வளைவு இல்லை, ஒடுக்கு இல்லை, மலையே இல்லை. மூன்று பெண்கள் காரைக்கால் கடற்கரையில் சுண்டல் சாப்பிட்டார்கள்.

அவளிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் படித்தாள். குரங்கில்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"அது பாட்டுக்கு செவுத்துல ஒக்காந்து புளியங்கொட்டையோ என்னமோ தின்னுகிட்டு இருந்துச்சு. அது மேல ஏன் புள்ள பழிய போடுற?"

"அப்ப ஜீப்பு?"

"எந்த ஜீப்பு? வந்தது ஒரு வேன். அதுவும் நமக்கு ஒதவுன மனுசன். அவரப் போயி இடிச்சவன்னு எழுதுவியா?"

"மூணாவது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நாம மலைக்கே போவலன்னு எழுதிட்டியே" என்றாள். அது கோபம் இல்லை. அதைவிட மோசம்.

பிறகு போனை என் பக்கம் தள்ளினாள். "நடந்தத எழுது. பாத்துக்குவோம்."

6

நடந்தது இது.

சித்திக்கா கார் ஓட்டத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. இந்த நான்கு வருடத்தில் ஒருநாள்கூட கைப்பிரேக் போட்டதில்லை.* எங்கள் ஊரில் காரை எங்கே விட்டாலும் விட்ட இடத்தில் நிற்கும். நாற்பத்து மூன்றாவது வளைவிலும் அது நல்ல பிள்ளையாகத்தான் நின்றது, டயருக்குப் பின்னால் கிடந்த ஒரு சின்னக் கல்லின் தயவில். சொர்ணாம்பாள் கதவைச் சாத்திய அதிர்ச்சியில் கல் விலகியது.

* அந்த லீவரில் அவள் கைப்பையை மாட்டி வைப்பாள். அதற்காகத்தான் அது இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணைத் திறந்து எழுந்து பார்த்தால் சித்திக்காவும் சொர்ணாம்பாளும் என்னை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடக்கவில்லை. நான்தான் போய்க்கொண்டிருந்தேன்.

சித்திக்கா அலறியபடி ஓடிவந்து... (திருத்தம்: அவள் அலறவில்லையாம். அலறியது நானாம். சரி.) சித்திக்கா வாயைத் திறக்காமல் ஓடிவந்து கார்க் கதவைப் பிடித்து இழுத்தாள். அறுபத்து மூன்று வயதுப் பெண் காரை இழுத்து நிறுத்த முடியுமா? சுவர்தான் நிறுத்தியது. டக் என்று ஒரு சத்தம். எலுமிச்சம்பழம் மட்டும் உருண்டுபோய் எங்கோ விழுந்தது.

அப்போது வந்ததுதான் அந்த வேன். அன்னாசி ஏற்றப் போகிற காலி வேன். ஓட்டிவந்தவர் பெயர் உத்திராபதி, எங்கள் ஊருக்குப் பக்கத்து நன்னிலத்துக்காரர். இறங்கிப் பார்த்தார், நம்பர் பலகையைப் படித்தார், சிரித்துவிட்டார்.

"காரைக்காலா? கைப்பிரேக்கு போட்டிருக்க மாட்டீங்களே!"

"அது எதுங்க தம்பி?" என்றாள் சித்திக்கா.

அவர் உள்ளே கையை விட்டுக் கைப்பையை எடுத்து அவளிடம் கொடுத்தார். லீவரை இழுத்துக் காட்டினார். "வெக்கப்படாதீங்கம்மா. மொதமொத வந்தப்ப நானும் இதத்தான் செஞ்சேன். நம்ம பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் இந்த மலை ஒரு தடவ சொல்லிக்குடுக்கும்." பிறகு, "மேல வரைக்கும் நான் ஓட்டியாந்து உடட்டுமா? வேன் இங்க நிக்கட்டும்" என்றார்.

சித்திக்கா சாவியை முந்தானையில் துடைத்தாள்.

"வேணாங்க. இன்னும் இருவத்தேழுதான் இருக்கு."

சொர்ணாம்பாள் ஏறிக்கொண்டாள். இந்த முறை கதவை மெதுவாகச் சாத்தினாள். நாற்பத்து நான்கிலிருந்து அவள் எண் படிக்கவில்லை. அறுபதில் சித்திக்காவே, "ஏன்டி, வாய் வலிக்குதா? படி" என்றாள்.

7

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சந்தோஷம். சந்தோஷத்தை எழுதினால் நீளும், சுருக்கிவிடுகிறேன். ஒரு மிளகுத் தோட்டத்து ஓரத்தில் கூடாரம் வாடகைக்குக் கிடைத்தது. கூடாரத்து ஆணியைக் கடற்கரை மணலில் குத்துவதுபோல் சொர்ணாம்பாள் கையால் குத்தினாள். பாறையில் பட்டு வளைந்துவிட்டது. காலையில் மூடுபனி கூடாரத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கினோம். முழங்கால்காரி எங்களுக்கு முன்னால் போய் அருவியடியில் நின்று, "இன்னும் வரலியா கெழவிங்களா!" என்று கத்தினாள். ஏறி வரும்போது பத்துப் படிக்கு ஒருதடவை உட்கார்ந்து அடை தின்றோம். எழுபது வளைவுகளிலும் சித்திக்காவே காரைக் கீழே இறக்கினாள்.

8

முடிவு.

மேலே உள்ளதையெல்லாம் இன்று சாயங்காலம் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, அலறல் விஷயத்தை மட்டும் திருத்தச் சொன்னாள். பிறகு, "எம்புள்ள இத ஒங்கதையில படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது" என்றாள். வீடியோ காலில் தௌஃபீக்கைக் கூப்பிட்டாள்.

"வாப்பா, சாப்பிட்டியா? உம்மா ஒன்னு சொல்லணும். குறுக்க பேசாத."

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கைப்பையைக்கூட விடவில்லை. நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். ஒரு தாயும் மகனும் பேசுவதை ஒட்டுக்கேட்டுத்தான் கதை முடிக்க வேண்டுமென்றால் அந்தக் கதை எனக்கு வேண்டாம்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விற்றுவிடுவதாகச் சொன்னான் என்று நீங்கள் முடிக்கலாம். அவன் சொன்ன சொல் தவறாதவன். சிரித்துவிட்டான் என்றும் முடிக்கலாம். அவன் இவள் வயிற்றில் பிறந்தவன். இரண்டுக்கும் கதையில் இடம் விட்டிருக்கிறேன்.

பேச்சு நின்றுவிட்டது. கொலுசு இல்லாத கால்தான், ஆனாலும் அவள் நடந்து வருவது எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். திரும்பினால் முகத்திலேயே தெரிந்துவிடும், தெரிந்தால் எழுதிவிடுவேன். நான் தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் திரும்பிப் பாருங்கள்.